சுற்றிச் சுற்றி மேலே!

கடையநல்லூரில் பழைய பள்ளிவாசல் ஒன்று. மினாராவுக்குள் எட்டிப் பார்த்தால் சுழல் படிக்கட்டு! "எதிரி வாளை வீச முடியாதபடி இப்படிக் கட்டுவார்களாம்" என்று எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன்.

மோதினார் சிரித்தார். "பாங்கு சொல்லப் போறவருக்கு வாள் எதுக்கு தம்பி?"

நியாயம்தானே! அது ஐரோப்பியக் கோட்டைகளின் கதை. அங்கேயே இடம், வலம் இரண்டு பக்கமும் சுற்றும் படிகள் இருப்பதால், ஆராய்ச்சியாளர்கள் பலர் நம்புவதில்லை. நிஜக் காரணம் நம் வாடகை வீட்டுப் பிரச்னைதான் - இடம் பற்றாது! ஒல்லியான கோபுரத்தில் நேர்ப்படி நீட்ட முடியாது. நடுத்தூணைச் சுற்றினால் உச்சி வரை போகலாம். படியின் ஒரு முனையைத் தூண் தாங்கும். மறுமுனையைச் சுவர் தாங்கும். 1591-ல் கட்டிய ஹைதராபாத் சார்மினாரிலும் சுழல் படிதான்.

ஆபத்தும் உண்டு. 1981 டிசம்பரில் டெல்லி குதுப்மினாரில் கரன்ட் போய், இருட்டு நெரிசலில் 45 பேர் பலி. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதோடு உள்ளே ஏறத் தடை.

இங்கே ஏறுவதை நிறுத்தியது ஒலிபெருக்கி. "மேலேருந்து மலையைப் பாத்து வருஷமாச்சு. முட்டி ஒத்துழைக்கலை. மழை இருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார்.

இருபதாவது படியில் ஆபீஸ் தொப்பை 'போதும் சார்' என்றது. விடவில்லை. உச்சியில் காற்று. குற்றாலப் பக்கம் கன்னங்கரேல்!

"மழை இருக்கு!" என்று கத்தினேன். கீழே நிச்சயம் கேட்டிருக்கும். அந்த இடமே குரலுக்காகக் கட்டியதுதானே!