சத்தியம் பண்ணுங்க, ஆனா தனியா போகாதீங்க

1/ வீடியோ கேம்ல ஒரு வீரன் வாளைத் தொட்டு சபதம் எடுப்பான். மீறினா அவனோட சக்தியெல்லாம் போயிடும். பசங்க அதை ஆச்சரியமா பார்க்கிறாங்க. நம்மகிட்ட இதுக்கு சங்க காலத்துலயே பேர் உண்டு: வஞ்சினம். ஒரு டாக்டர் ஏன் இதைப் பேசுறேன்னு கடைசி வரை படிச்சா புரியும்.

2/ தலையாலங்கானத்துப் போருக்கு முன்னாடி பாண்டியன் நெடுஞ்செழியன் போட்ட சபதம் புறநானூறு 72-ஆம் பாட்டு. எதிரில் சேரன், சோழன், ஐந்து வேளிர். இவனோ சின்ன வயசு. ஜெயிக்கலைன்னா என் குடிமக்கள் என்னைக் கொடுங்கோலன்னு தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாம போகட்டும், கேட்டு வந்தவனுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான்.

3/ கவனிச்சீங்களா? அவன் பணயம் வெச்சது தன்னோட பெயரையும் புகழையும். பிள்ளை தலையை இல்ல.

4/ இப்ப கள்ளக்குறிச்சிக்கு வருவோம். வாக்கு, நட்புன்னா என்னன்னு காட்டுற இடம் இந்த மாவட்டத்துலயே இருக்கு. திருக்கோவிலூர்ல தென்பெண்ணை ஆத்துக்குள்ள நிக்குது கபிலர் குன்று. பாரி இறந்த பிறகு அவன் மகள்களுக்கு வாழ்க்கை தேடி அலைஞ்ச கபிலர், இங்கதான் உயிர் விட்டார்னு சொல்வாங்க. வீரட்டானேஸ்வரர் கோயில்ல உள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டும் அவர் தீப்புகுந்ததைச் சொல்லுது.

5/ இதே மாவட்டத்துல, 2024 ஜூன்ல, கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. மெத்தனால் உடம்புக்குள்ள ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண் நரம்பைத் தாக்கும், அப்புறம் உயிரை. பக்கத்துல கல்வராயன் மலை. அங்க சாராய ஊறல் அழிச்சாங்கன்னு எத்தனை தடவை செய்தி படிச்சிருப்போம்! அதனால இந்தப் பக்கம் ஒருத்தர் குடியை விடுறேன்னு எடுக்கிற சத்தியத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன்.

6/ அந்த சத்தியம் எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கற்பூரம் ஏத்தி, கையில அடிச்சு, கயிறு கட்டி. இல்லைன்னா மாலை போட்டு. அந்த நிமிஷம் அவர் மனசு உண்மையிலேயே உறுதியா இருக்கும். அதை யாரும் கேலி பண்ணாதீங்க.

7/ ஆனா உடம்புக்கு சத்தியம் தெரியாது. வருஷக்கணக்கா தினமும் குடிச்ச மூளை, சாராயம் இருக்கும்னு நம்பியே தன்னை அமைச்சுக்கிட்டிருக்கு. திடீர்னு நிறுத்தினா சில மணி நேரத்துலயே கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. முதல் 2 நாளைக்குள்ள வலிப்பு வரலாம்.

8/ 2-லேர்ந்து 4 நாளைக்குள்ள சிலருக்கு புத்தி தடுமாறும். சுவத்துல பூச்சி ஊருதும்பார், இல்லாத ஆளோட பேசுவார், காய்ச்சல் அடிக்கும். வீட்ல இதைச் சாமி குத்தம், பேய்னு நினைச்சு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. இது உயிரை எடுக்கக்கூடிய நிலை. சரியான நேரத்துல வந்தா மருந்து இருக்கு.

9/ அதனால தினமும் குடிக்கிறவர், காலையில குடிக்காட்டி கை நடுங்குறவர், முன்னாடி வலிப்பு வந்தவர்: இவங்க கயிறு கட்டுறதுக்கு முன்னாடியே அரசு மருத்துவமனைக்கு வாங்க. நடுக்கத்துக்கும் வலிப்பைத் தடுக்கவும் மருந்து உண்டு, தயமின் ஊசி உண்டு. மருந்து எடுத்தா சத்தியம் செல்லாதுன்னு எந்த சாமியும் சொல்லல.

10/ இன்னொண்ணு. "பிள்ளை மேல சத்தியம் பண்ணு"ன்னு கேட்காதீங்க. மறுபடி குடிக்கிறது இந்த நோய்ல அடிக்கடி நடக்கிறதுதான். அப்படி ஒரு நாள் சறுக்கினா, அதே வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா, என்னாலதான்னு அந்த ஆள் உடைஞ்சு போவார். வெட்கத்துல மறைப்பார். மறைச்சுக் குடிப்பார். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவார்?

11/ சறுக்கினா "சத்தியத்தை மீறிட்டியே"ன்னு கேட்காதீங்க. "எப்ப குடிச்ச, எவ்வளவு, வா டாக்டரைப் பார்ப்போம்"னு கேளுங்க.

12/ நெடுஞ்செழியன் அவ்வளவு பெரிய சபதம் போட்டுட்டுத் தனியா களத்துக்குப் போகல. படையோட போனான், ஜெயிச்சான். குடியை விடுறவருக்குக் குடும்பமும், மாத்திரையும், ஆலோசகரும்தான் படை. போதை மீட்பு உதவி எண் 14446. வலிப்பு, குழப்பம்னா உடனே 108. இந்த ரெண்டு நம்பரையும் உங்க வீட்ல தேவைப்படுற ஒருத்தர் போன்ல இன்னைக்கே பதிஞ்சு குடுங்க.