எந்தச் சூட்டில் அளந்த காற்று?

டயரில் எத்தனை பி.எஸ்.ஐ. வைக்கலாம் என்று கேட்பவர்களிடம், எப்போது அளக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஸ்போர்ட் பைக்குகளுக்கு டயர் மாட்டிக் கொடுப்பதும், இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் பிட்டில் நின்று காற்றுக் கணக்குப் பார்ப்பதும் என் வேலை. சூட்டைச் சொல்லாமல் காற்றின் எண்ணை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது.

"அண்ணா, ரேஸ்ல 26தான் வைக்கிறாங்களாம், எனக்கும் இறக்கி விடுங்க" என்று தம்பிகள் வருவார்கள். அந்த 26 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மோட்டோஜிபியில் முன் டயருக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அழுத்தம் 1.8 பார், அதாவது சுமார் 26 பி.எஸ்.ஐ. ஆனால் அது வண்டி பறந்துகொண்டிருக்கும்போது சென்சார் காட்ட வேண்டிய எண். 2025-இல் தாய்லாந்தின் புரிராமில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ், வேண்டுமென்றே தம்பி அலெக்ஸை முன்னால் விட்டார். முன்னால் யாருமில்லாமல் ஓடியதில் அவருடைய முன் டயர் போதிய அளவு சூடாகவில்லை. அழுத்தம் வரம்புக்குக் கீழே நின்றது. தம்பியின் வண்டி தள்ளும் வெப்பக் காற்றுக்குள் ஒட்டி ஓட்டி, டயரைச் சூடேற்றி, கடைசிச் சுற்றுகளில் முந்திப்போய் ஜெயித்தார். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டுநரே அந்த எண்ணை வெப்பத்தால்தான் எட்டினார். அதே 26-ஐ விடியற்காலையில் வாசலில் நிற்கும் வண்டியில் வைப்பது முற்றிலும் வேறு காரியம்.

கணக்கைப் பாருங்கள். காலையில் 27 டிகிரியில் 33 வைத்த டயர், உள்ளிருக்கும் காற்று இன்னும் 30 டிகிரி சூடானால் ஏறக்குறைய 38 காட்டும். இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் வண்டியின் ஸ்டிக்கரில் குளிர்ந்த டயருக்கான அளவைப் போட்டிருக்கிறார்கள். வெயிலில் ஓட்டிக்கொண்டு பங்க்கில் நிறுத்தினால், காற்றடிக்கும் பையன் கேஜைப் பார்த்து "அதிகமா இருக்குண்ணா" என்று 33-க்கு இறக்கி விடுவான். மறுநாள் காலை அந்த டயரில் 29 இருந்தாலே பெரிது. பையன் மேல் தப்பில்லை. நல்ல கேஜ் ஒன்று சொந்தமாக வாங்குங்கள். எப்போதும் அதே கேஜில், வண்டியை எடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

காற்று குறைந்த டயர் அதிகம் நெளியும், நெளிவதால்தான் சூடாகிறது. ட்ராக்கில் புதிதாக வருபவர்கள் குழம்பும் இடமும் இதுதான். ஒரு செஷன் முடிந்து வண்டி பிட்டுக்குள் வந்ததும், ரப்பர் ஆறுவதற்குள் அளக்கிறேன். அழுத்தம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஏறியிருந்தால், காற்றைப் பிடுங்கத்தான் எல்லோருக்கும் கை போகும். உண்மையில் பல தடவை, கிளம்பும்போது காற்று குறைவாக இருந்து, டயர் நெளிந்து நெளிந்து கொதித்ததுதான் காரணமாக இருக்கும். அடுத்த செஷனுக்கு, டயர் ஆறிய பிறகு, கொஞ்சம் கூட்டியே வைப்பேன். ஏற்றமே இல்லையென்றால் ஒரு பி.எஸ்.ஐ. குறைத்துப் பார்ப்பேன். காலை செஷனுக்கு வைத்தது மதிய வெயிலுக்கு ஒத்துவராது. மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

சாலையில் கேஜைவிடக் கைதான் முதலில் சொல்லும். முன்னால் காற்று குறைந்தால் ஹேண்டில் கனக்கும். வளைவில் பிரேக் தொட்டால் வண்டி நிமிரப் பார்க்கும். அதிகமானால் சின்ன மேட்டுக்கும் டயர் துள்ளும். பின்னால் அதிகமாகவே வைத்து ஜி.எஸ்.டி. சாலையில் நேராகவே ஓட்டுபவர்களின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து பட்டையாகிவிடும். பிறகு வளைவில் சாய்க்கும்போது ஒரு விளிம்பில் ஏறி விழுவதுபோல் இருக்கும்.

டயர் எது வாங்கலாம் என்பதற்கும் இதே கேள்விதான்: நீங்கள் ஓட்டும் ஓட்டம் அதை எவ்வளவு சூடாக்கும்? ட்ராக்குக்கென்று செய்த மென்மையான ரப்பர், நல்ல சூட்டில்தான் பிடிக்கும். ரேஸில் வார்மர் சுற்றி, சூடாக்கிய பிறகே வெளியே விடுகிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல் கியர், இரண்டாம் கியர்தான். காலை நேரம், மர நிழல், ஈரமான சருகு. அங்கே அந்த டயர் கடைசிவரை அரைச் சூட்டில்தான் இருக்கும். நடுவில் கெட்டியாகவும் ஓரங்களில் மென்மையாகவும் இரட்டை ரப்பர் வைத்த ஸ்போர்ட் டூரிங் டயர் சீக்கிரம் சூடாகும், மழையிலும் கைவிடாது. ஓசூர் டிவிஎஸ் 2020-இல் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு மிஷலின் ரோடு 5 மாட்டி விட்டதை நான் மனதாரப் பாராட்டினேன். நம் சாலைக்கு அதுதான் சரியான முடிவு.

பின் டயர் அகலமாக இருந்தால் அழகு என்ற ஆசையும் உண்டு. 140/70-17 இருந்த இடத்தில் 150/60-17 போட்டால் டயரின் மொத்த உயரம் 16 மில்லிமீட்டர் குறைகிறது. வண்டியின் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்கி, முன் ஃபோர்க் இன்னும் சாய்ந்து, வளைவுக்குள் வண்டி மெதுவாகத் திரும்பும். அகலத்துக்காக வளைவையே விட்டுக்கொடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஊட்டி போகிறவர்கள் காற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் வைத்துவிட்டு 2,240 மீட்டர் உயரத்துக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். ஊட்டியின் 15 டிகிரி குளிர் ஏறக்குறைய அந்த மூன்றையும் எடுத்துவிடும். இரண்டும் நேராகிவிடுகின்றன.

வாங்கும்போது பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளின் முடிவில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம் செய்தது. பல வருடம் கடையில் கிடந்த டயர் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் எடுக்காதீர்கள். மாட்டிய பிறகு முதல் 150 கிலோமீட்டர், மேல்தோலின் வழவழப்பு போகும்வரை, ஒவ்வொரு நாளும் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதன் பிறகு ஒரு காலை வந்து காட்டுங்கள், குளிர்ந்த நிலையில் சேர்ந்து அளப்போம்.