இரு பக்கமும் ஒன்றல்லாத கத்தி

ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் சான்ஜோ என்ற ஊர் இரும்பு வேலைக்குப் பேர்போனது. அங்கே ஒரு பட்டறையில் எழுபதைத் தாண்டிய கொல்லர் ஒருவர் தேனிரும்புப் பட்டையின் மேல் எஃகுத் துண்டை வைத்து, வெங்காரப் பொடி தூவி, மஞ்சளாகப் பழுக்கக் காய்ச்சி அடித்தார். பொறி பறந்து அடங்கியபோது இரண்டும் ஒரே துண்டாக ஒட்டியிருந்தன. கமிசோரி எனப்படும் ஜப்பானியச் சவரக்கத்தி இப்படித்தான் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்த மேற்கத்தியக் கத்தி முழுக்க ஒரே எஃகு. இரு பக்கமும் சமமாகக் குழிந்திருக்கும், பிடிக்குள் மடங்கும். கமிசோரி மடங்காது. அலகும் காம்பும் ஒரே துண்டு, காம்பில் பிரம்பு சுற்றியிருப்பார்கள். அதைவிட முக்கியம், அதன் இரு பக்கமும் ஒன்றல்ல. இந்தப் பக்கக் குழிவு வேறு, அந்தப் பக்கக் குழிவு வேறு. தோலில் எப்போதும் ஒரே பக்கம்தான் படவேண்டும் என்பது நாவிதர்களின் பழக்கம். தனக்குத்தானே மழித்துக்கொள்பவருக்கு இது சிரமம். அடுத்தவருக்கு மழிப்பவருக்கோ கை தானாகப் பழகிவிடும். பிறர் முகத்துக்காகவே வளர்ந்த கருவி இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எடோ காலத்தில் ஆண்கள் முன்னந்தலையை மழித்துக் குடுமி முடிந்தார்கள். அதற்கு இன்னொருவர் கை வேண்டும். 1871இல் குடுமியைக் களையலாம் என்று அரசு ஆணையிட்ட பிறகு மேற்கத்திய முடிவெட்டும் மடக்குக் கத்தியும் பரவின.

தேனிரும்பு எதற்கு என்பது நீரில் முக்கி எடுத்த அலகைப் பார்த்தபோது விளங்கியது. லேசாகக் கோணியிருந்தது. கொல்லர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மென்மையான தேனிரும்புப் பக்கத்தை மேலாக வைத்துச் சிறு சுத்தியலால் தட்டினார். மீண்டும் பார்த்தார், மீண்டும் தட்டினார். பேச்சே இல்லை. முழுவதும் கடின எஃகாக இருந்தால் இந்தத் தட்டுக்கே ஒடிந்திருக்கும். தீட்டும்போதும் அப்படியே: தேனிரும்பு கல்லில் சீக்கிரம் தேய்ந்து கொடுக்க, கடினமான பகுதி மெல்லிய கீற்றாக மட்டும் கல்லைத் தொடுகிறது. கியோட்டோ மலைகளின் இயற்கைக் கற்களைத்தான் கடைசித் தீட்டலுக்கு விரும்புகிறார்கள். அந்தக் கற்களை வெட்டியெடுத்த சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடிவிட்டன.

இதே சான்ஜோவில்தான் இவாசாகி கோசுகே என்ற உலோகவியலாளர், வாள் செய்ய உதவும் தமாஹகனே எஃகில் சவரக்கத்தி செய்வதை ஆராய்ந்தார். இரும்பு மணலை உருக்கி எடுக்கும் அந்த எஃகை ஷிமானே மாநிலத்தில் 1977 முதல் குளிர்காலத்தில் மட்டும் மீண்டும் எடுத்துவருகிறார்கள்.

முடிதிருத்தகங்களில் இப்போது பிளேடு மாற்றும் கத்திகளே புழங்குகின்றன. கமிசோரி வடிவிலேயே அவையும் கிடைக்கின்றன. சுகாதாரத்துக்கு அதுதான் சரி, மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு நாவிதர் இல்லாமல் போனால் ஒரு கொல்லரும் இல்லாமல் போகிறார், அது என்னை உறுத்துகிறது. இந்தப் பெரியவரிடம் இப்போது வெளிநாட்டு ஆர்வலர்கள்தான் கத்தி கேட்டு வருகிறார்களாம். “வாங்குகிறவர்களுக்குத் தீட்டத் தெரியுமா?” என்று என்னுடன் வந்த மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். தெரியாதவர்களுக்காகக் கல்லில் எந்தப் பக்கத்தை எத்தனை முறை இழுப்பது என்று படம் வரைந்து ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கிறார்.