சேவல் எது, பெட்டை எது?

சென்ற ஆண்டு ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பண்டைப் பறவைகளைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தபோது நாம் ஒரு பிழை செய்தோம். அப்பிழையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

சீன நாட்டின் வடகிழக்கே லியாவ்னிங் என்னும் மாநிலம் இருக்கிறது. முன்னொரு காலத்தில் அங்கே ஏரிகளும் எரிமலைகளும் அருகருகே இருந்தன. ஏரியில் வீழ்ந்து மாண்ட பறவைகளை நுண்ணிய சேறும் எரிமலைச் சாம்பலும் மூடிக் காத்து, நாளடைவில் கல்லாய் இறுகின. அவ்வூர் உழவர்கள் அக்கல்லைத் தகடு தகடாகப் பிளந்தபோது, எலும்பு மட்டுமன்றி இறகின் வடிவமும் மையால் தீட்டினாற்போல் வெளிப்பட்டது. 1995ஆம் ஆண்டில் சீன அறிஞர் ஹோ லியன்ஹாய் முதலானோர், ஞானி கன்பூசியஸின் பெயரை இணைத்து, அப்பறவைக்குக் கன்பூசியசார்னிஸ் எனப் பெயரிட்டனர். அதன் குடும்பம் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்து, பின் அடியோடு மறைந்தது.

காக்கையளவுப் பறவை அது. அக்காலத்துப் பறவைகள் பலவற்றுக்குப் பல் இருந்தது. இதற்கோ நம் கோழிக்குப் போலப் பல்லில்லாத அலகு. ஆனால் சிறகில் மூன்று விரல்களும் கூரிய நகங்களும் இருந்தன. நூற்றுக்கணக்கில் கிடைத்த இக்கற்பறவைகளுள் சிலவற்றுக்கு நாடா போன்ற இரண்டு நெடிய வாலிறகுகள் உண்டு, மற்றவற்றுக்கு இல்லை.

இவ்விடத்தில்தான் நாம் வழுக்கினோம். இரண்டையும் கரும்பலகையில் வரைந்து, நெடுவாலின் கீழே ‘சேவல்’ என்றும், மற்றதன் கீழே ‘பெட்டை’ என்றும் எழுதிவிட்டோம். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

“ஐயா, அது சேவல்தான் என்று எப்படித் தெரியும்? இறகு உதிர்ந்த சேவலாகவும் மற்றது இருக்கலாமே?”

நமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் நா எழவில்லை. மணி அடித்தது, தப்பினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை என்றால் மிகையன்று.

தேடிப் படித்தபோது, அறிஞர்களையும் இதே வினா நெடுநாள் அலைக்கழித்தது எனக் கண்டோம். 2013ஆம் ஆண்டில் அனுசூயா சின்சாமி என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஒரு விடை கண்டனர். அவர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். (அப்பெயரில் நமக்குப் பழகிய ஒலி ஒன்று கேட்கிறதன்றோ?) நெடுவால் இல்லாத பறவையொன்றின் எலும்பைச் சிறிதளவு எடுத்து, மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். எலும்பின் உட்குழிவில் ஒரு தனித் திசுவின் எச்சம் தென்பட்டது.

மறுவாரம் வகுப்பில் முதலில் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். பின், “யார் வீட்டில் கோழி வளர்க்கிறீர்கள்?” என்று கேட்டோம். பாதிக் கைகள் உயர்ந்தன.

“எங்கள் பாட்டி முட்டையோட்டை நொறுக்கிக் கோழிக்குப் போடுவார், ஐயா. போடாவிட்டால் தோல்முட்டை இடுமாம்,” என்றாள் அதே சிறுமி.

பாட்டி அறிந்ததுதான் விடையின் பாதி. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். முட்டையிடும் பருவம் நெருங்குகையில் பெட்டையின் எலும்புக்குள் அத்தனித் திசு வளர்ந்து அச்சத்தைச் சேமிக்கிறது. ஓடு உருவாகும்போது அது கரைந்து உதவுகிறது. பருவம் கழிந்ததும் மறைகிறது. சேவலுக்கு அது இயல்பாய் உண்டாவதில்லை. ஆகவே நெடுவாலற்ற அந்தக் கற்பறவை பெட்டையே. நெடுவால் சேவலுக்குரியது என்னும் கருத்துக்கும் அதனால் வலுச் சேர்ந்தது. எனினும் ஒரு பறவையைக் கொண்டு, வாலில்லாதன யாவும் பெட்டையே எனத் துணியலாகாது என்பதையும் மாணவர்க்குச் சொன்னோம்.

சிறுமி மறுபடியும் எழுந்தாள்.

“அப்படியானால் அது முட்டையிடும் காலத்தில் செத்துப்போயிற்றா, ஐயா?”

“ஆம், அம்மா. முட்டையிடும் பருவத்தை ஒட்டித்தான்.”

“பாவம்,” என்றாள். வகுப்பு சற்றுநேரம் அமைதியாக இருந்தது.