ஓநாய்க்குட்டியும் கடற்கோட்டையும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டையை, போர்த்துக்கேயர் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதன் வலிமை பீரங்கியில் மட்டும் அன்று, காவலாளியின் கண்ணிலும் தங்கியிருந்தது. கரையில் நிற்பவனுக்குக் கடலின் விளிம்பு ஏறத்தாழ 5 கிலோமீற்றர். 20 மீற்றர் உயரப் பாய்மரத்தின் உச்சியில் ஏறினால் 16 கிலோமீற்றர். 1000 மீற்றர் மேலெழுந்தாலோ 110 கிலோமீற்றருக்கும் அதிகம். வேவு விமானத்தின் தேவை முழுவதும் இக்கணக்கினுள் அடங்கும்.

1914 செப்டெம்பரில் சென்னையைத் தாக்கிய எம்டனிடம் விமானம் இருக்கவில்லை. பாய்மர உச்சியில் நின்றவனின் கண்ணே அதன் கண். அவ்வாண்டு நவம்பரில் அது கொக்கோஸ் தீவருகே அழிந்தது. 1916 நவம்பர் 30இல் கீல் துறையை விட்டுப் புறப்பட்ட ‘வொல்ஃப்’, அதாவது ஓநாய், வேறு வகையானது. வணிகக் கப்பலின் தோற்றத்தில் திரிந்த அதன் வயிற்றினுள் ‘வொல்ஃப்சென்’, ஓநாய்க்குட்டி, என்ற பிரெடரிக்ஸ்ஹாபன் எப்.எப். 33 நீர்விமானம் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. மேலும் கீழுமாக ஈரடுக்குச் சிறகு, இரு மிதவை, 150 குதிரைவலுப் பென்ஸ் இயந்திரம், இருவருக்கு மட்டும் இருக்கை. வேண்டிய பொழுது பூட்டிப் பாரந்தூக்கியால் கடலில் இறக்குவர். இத்தகைய விமானங்கள் வேவுக்கேயன்றி விமானிகளின் பயிற்சிக்கும் பயன்பட்டன. மரச்சட்டத்தில் துணி போர்த்த அந்தப் பறவை வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கியதே வியப்பு!

1917 யூன் 2ஆம் திகதி பசிபிக்கின் கேர்மடெக் தீவருகே, ‘வைருணா’ என்ற கப்பலின் மேல் ஓநாய்க்குட்டி தாழப் பறந்து, கட்டளைத் தாளொன்றைப் போட்டு, முன்னே ஒரு குண்டையும் வீழ்த்தியது. கப்பல் பணிந்தது. செப்டெம்பரில் மாலைதீவருகே ஜப்பானின் ‘ஹிட்டாச்சி மாரு’ அகப்பட்டது. 451 நாட்கள் எந்தத் துறைமுகத்தையும் நாடாது அலைந்த ஓநாய், 1918 பெப்ரவரியில் கீல் திரும்பியது. எம்டனோ தமிழில் சூழ்ச்சிக்காரனைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஓநாய்க்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

எனினும் யாழ்ப்பாணத்தாருக்கு இக்கதை அந்நியமானதன்று. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உழைத்த யாழ்ப்பாணத் தமிழர், 1915இல் நிதி திரட்டிப் பிரித்தானியாவுக்கு ஒரு போர்விமானம் வழங்கினர். அதன் பெயரும் ‘யாழ்ப்பாணம்’. ஊரிலிருந்த பெற்றாருக்கு அது கண்காணாத விமானம். ஈராண்டு கழியுமுன், 1917 பெப்ரவரியில், ஓநாய் இரவோடிரவாகக் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடிகளை விதைத்துச் சென்றது. 17ஆம் திகதி ‘வூஸ்டர்ஷயர்’, 21ஆம் திகதி ‘பெர்சியஸ்’ என இரு கப்பல்கள் அவற்றில் மோதித் தாழ்ந்தன. மலாயாவிலிருந்து கப்பலேறிய பிள்ளைகள் வீடு திரும்புகையில் கடக்க வேண்டியிருந்ததும் அந்தத் துறைவாயிலையே.