பின்வாயிலின் திறப்பு

உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின், 2019 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் திகதி ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் மீண்டும் பாடசாலைக்கு வந்தனர். பெற்றோர் முறை வைத்து வாயிலில் நின்று புத்தகப்பைகளைச் சோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் எமது முறை. சிறுமி ஒருத்தியின் பையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பழைய தீப்பெட்டியும் இருந்தது. "திறக்காதேங்கோ மாமா, பொன்வண்டு பறந்திடும்" என்றாள். திறவாமலே கொடுத்துவிட்டோம். காவல் நிற்பவருக்கு இது தகாது என்று அருகில் நின்ற நண்பர் கடிந்துகொண்டார். அவர் கூறியதும் நியாயமே.

பை பார்ப்பதோடு எமது மனம் அமையவில்லை. கொலை நோக்குடன் ஒருவன் உள்ளே புகுந்துவிட்டால் என் செய்வது? ஒத்திகை ஒன்று நடத்த வேண்டும் என்றும், முன்னறிவித்தால் அது வெறும் நாடகமாய் முடியும் என்றும் பெற்றோர் கூட்டத்தில் உரத்து வாதித்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எமது வற்புறுத்தலுக்கு மற்றவர்கள் இணங்கினர்.

அடுத்த கிழமை, முகத்தைத் துணியால் மூடிய வாலிபன் ஒருவன் கையில் தடியுடன் இரண்டாம் வகுப்பை நோக்கி ஓடிவந்தான். பிள்ளைகள் அலறிய அலறலை எழுத்தில் வடிக்க எமக்கு இயலாது. வகுப்பாசிரியை இரு கைகளையும் விரித்துக்கொண்டு அவன் முன்னே நின்றார். அது ஒத்திகை என்பது அவருக்கும் தெரியாது. ஏனைய ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பின்வாயிலுக்கு விரைந்தனர். அங்கே கதவில் ஆமைப்பூட்டுத் தொங்கியது. அதன் திறப்பு சிற்றூழியரின் சட்டைப்பையில் இருந்தது. சிற்றூழியரோ கடிதம் ஒன்றுடன் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தார்.

எமது மகள் நான்கு நாள் பாடசாலைக்குப் போக மறுத்தாள். "அது பொய்க்கள்ளன், பிள்ளை" என்று தேற்றினோம். "அப்ப ஏன் றீச்சர் அழுதவ?" என்று கேட்டாள். நாம் வாய் திறக்கவில்லை.

இவ்வகை ஒத்திகைகள் மிகுந்த நாடு அமெரிக்கா. அங்கே 1999 இல் கொலம்பைன் உயர்பள்ளியில் இரு மாணவர்கள் 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்ற பின்னர், கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சுவரோரம் ஓசையின்றி இருக்கும் பயிற்சி நாடெங்கும் பரவிற்று. சிலர் அதனோடு நில்லாது வெடியோசையும் போலி இரத்தமும் சேர்த்தனர். இந்தியானா மாநிலத்தில் 2019 இல் நடந்த ஒரு பயிற்சியில் ஆசிரியர்கள் மீதே சிறு பிளாஸ்டிக் குண்டுகள் சுடப்பட்டன. பிள்ளைகளை ஏமாற்றி அச்சுறுத்தும் ஒத்திகைகள் வேண்டா என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் 2020 இல் அறிவித்தது. எமக்கு அது ஓராண்டு பிந்திக் கிடைத்த அறிவுரை.

எம்மை அதிகம் தைத்தது வேறொரு செய்தி. 2022 இல் டெக்சஸ் மாநிலத்து யுவால்டி என்னும் ஊரின் பாடசாலையில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். அங்கே ஒரு வகுப்பறைக் கதவின் பூட்டுச் சரியாக விழுவதில்லை என்பது முன்னரே தெரிந்த விஷயம். திருத்தித் தருமாறு எழுத்தில் கேட்டவர் எவருமில்லை என்று சட்டசபைக் குழுவின் அறிக்கை கூறிற்று. அதை வாசித்தபொழுது சிற்றூழியரின் சட்டைப்பை எமது கண்முன் வந்தது.

இனி, எமது பாடசாலைகளிற் பலவற்றிலே பூட்டுவதற்குக் கதவு ஏது? அரைச்சுவரும், தட்டி வைத்துப் பிரித்த மண்டபமுமே வகுப்பறைகள். உள்ளே ஒளிந்திருக்க முடியாது. விரைந்து வெளியேறவே முடியும். ஆதலின் எமக்கு வாயில்களே முக்கியம். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில், முதுகிற் பையுடன் வந்த அந்நியனை வெளியிலேயே நிறுத்தி விசாரித்த ஒருவரால் உள்ளிருந்த எத்தனையோ பேர் பிழைத்தனர். அவர் பிழைக்கவில்லை.

ஒத்திகைக்குப் பின் அதிபர் அம்மையார் எம்மை அழைத்தார். கடிந்து ஒரு சொல்லும் கூறாமல் ஒரு கொப்பியை எடுத்து வைத்தார். பின்வாயிலுக்கு மூன்று திறப்புகள். அவை எவரெவரிடம் இருக்கும் என்பது முதற் பக்கத்தில் இருந்தது. 119 இலக்கத்துக்கு அழைப்பவர் யார், அவர் வராத நாளில் யார், கால் ஊனமுற்ற நான்காம் வகுப்புப் பையனைத் தூக்குபவர் யார், வாயிலில் புதியவரை மறித்து விசாரிப்பவர் யார் என எல்லாம் பெரியவர்களின் வேலைகளாகவே எழுதப்பட்டிருந்தன. பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று: மணி விட்டு விட்டு அடித்தால், றீச்சரின் பின்னே பேசாமல் பின்வாயிலைக் கடந்து வேப்பமரத்தடிக்குப் போவது. விசர்நாய் வந்தாலும், தீப்பிடித்தாலும், வேறெது நேர்ந்தாலும் அதே மணிதான்.

"இதைப் பிள்ளைகள் பழகிவிடுவார்களா?" என்று ஐயுற்றோம்.

"நீங்கள் பதுங்குகுழிக்குப் பழகவில்லையா?" என்றார்.

உண்மை. போர்க்காலத்தில் விமான இரைச்சல் கேட்டதும் எம்மைக் குழிக்குள் இறக்கிய ஆசிரியர், அங்கே வாய்பாடு சொல்லச் செய்வார். பதினாறாம் வாய்பாட்டை நாம் மனனம் செய்தது அந்த இருட்டிலேதான். அவருக்கு அச்சம் இருந்திருக்கும். எமக்கு அன்று அது தெரியவில்லை.

அதன்பின் தவணைக்கு ஒருமுறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த மணி அடிக்கப்பட்டது. முதல் தடவை பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். அதிபர் அதையும் தடுக்கவில்லை.

மகள் இப்பொழுது வேறு பாடசாலையில் மேல்வகுப்பிற் படிக்கிறாள். அண்மையில் ஒரு விழாவுக்காகப் பழைய பாடசாலைக்குச் சென்றிருந்தோம். அந்த அதிபர் ஓய்வுபெற்றுவிட்டார். அலுவலகச் சுவரில் ஓர் ஆணியில் திறப்புத் தொங்கியது. கேட்டு வாங்கிக்கொண்டு பின்வாயிலுக்குப் போனோம். பூட்டு ஒரே திருப்பில் திறந்தது. விரலில் ஏதோ பிசுபிசுத்தது, முகர்ந்து பார்த்தோம். எவரோ தேங்காயெண்ணெய் விட்டிருந்தார்கள்.