வெள்ளாற்றுக்கு அப்பால்

நுழையும்முன்

பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் முதலாண்டு, பலருக்கு மகிழ்ச்சியைவிட மலைப்பையே மிகுதியாகத் தருகிறது. இடம் புதிது, மொழி புதிது, மனிதர் புதியவர். அப்புதுமையைத் தன் இயலாமை என்று எண்ணி மயங்கிய மாணவி ஒருத்தி, அம்மயக்கத்திலிருந்து மீண்டதை இக்கட்டுரை கூறுகிறது.

ஊரும் பயணமும்

விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மயிலாடுதுறை செல்லும் இருப்புப்பாதையில், பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே உள்ள சிறிய நிலையம் மேல்பட்டாம்பாக்கம். சுற்றுப்புற வயல்களில் வெட்டப்படும் கரும்பு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குச் செல்லும். இவ்வூரிலிருந்து சிதம்பரம் அறுபது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே. ஆயினும், கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், தந்தையுடன் இந்நிலையத்தில் தொடர்வண்டி ஏறிய நாளில், அத்தொலைவு கடல் கடப்பதுபோல் தோன்றியது. அக்குடும்பத்தில் பல்கலைக்கழகம் செல்லும் முதல் ஆள் அவளே.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை என ஊர்கள் பின்னே சென்றன. வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஓடியபோது, தன் ஊர் அக்கரையில் நின்றுவிட்டது என்று அவள் உணர்ந்தாள்.

சிதம்பரம் நிலையத்துக்குக் கிழக்கே விரிந்து கிடக்கிறது அண்ணாமலை நகர். 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய அண்ணாமலைச் செட்டியார், 1929-இல் நிறுவிய பல்கலைக்கழகம் அங்குள்ளது. 2013-இல் தனிச்சட்டத்தின் வழியாக அது அரசின் பொறுப்பில் வந்தது. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்பில் இயற்பியல் மாணவியாக அவள் சேர்ந்தாள்.

அறிந்ததும் அறியாததும்

பள்ளியில் அவள் தமிழ்வழியில் பயின்றவள்; இயற்பியலில் முதல் மதிப்பெண் பெற்றவள். பல்கலைக்கழக வகுப்பிலோ பேராசிரியர் ஆங்கிலத்தில் விரைந்து நடத்தினார். அவர் ‘மொமென்டம்’ என்று கூறியது, தான் நன்கறிந்த ‘உந்தம்’தான் என்பதை அவள் உணர்வதற்குள் கரும்பலகையில் மூன்று சமன்பாடுகள் எழுதப்பட்டிருந்தன. ‘இனர்ஷியா’ என்பது நிலைமம் என்று விளங்கியபோது வகுப்பே முடிந்திருந்தது. அவளுக்குப் பாடம் தெரியும். பாடத்தின் புதிய பெயர்தான் தெரியாது. ஆனால், இவ்வேறுபாட்டை அப்போது அவளுக்கு எடுத்துக்கூற ஒருவரும் இல்லை.

முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் இருபத்தைந்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. விடைத்தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிரவு தந்தை தொலைபேசியில் அழைத்தார்.

“சாப்பிட்டியாம்மா? படிப்பெல்லாம் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குப்பா.”

அவள் தந்தையிடம் கூறிய முதல் பொய் அது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் கிடைத்த ஆயிரம் ரூபாயில் ஊர் திரும்புவதற்கான பயணச்செலவை எடுத்துத் தனியே வைத்தாள். சனிக்கிழமை புறப்பட்டுவிடுவது, மீண்டும் வருவதில்லை என்று உறுதிசெய்துகொண்டாள்.

கதவைத் தட்டியவர்

வெள்ளிக்கிழமை மாலை, விடுதி அறையின் கதவை மூத்த மாணவி ஒருவர் தட்டினார். அவள் அஞ்சி எழுந்து நின்றாள். அவ்வச்சம் காரணமற்றதன்று. 1996-இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர், பகடிவதையின் தொடர்ச்சியாக மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். ‘ராகிங்’ எனப்படும் அக்கொடுமையைத் தடைசெய்து 1997-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. இச்சட்டத்தின்படி பகடிவதையில் ஈடுபடுவோருக்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டத்தொகையும் விதிக்கலாம். புதியவரை வரவேற்பதும் வதைப்பதும் மூத்தவரின் கையிலேயே உள்ளன.

வந்தவர் வரவேற்க வந்தவர். “எந்த ஊரும்மா?” என்று கேட்டார். பிறகு மேசைமேல் கிடந்த பையையும் அவள் முகத்தையும் பார்த்தார். “நானும் முதல் பருவத்துல ரெண்டு தாள்ல தவறினவதான். நாளைக்கு ஊருக்குப் போகாத. என்கூட நூலகத்துக்கு வா” என்றார்.

ஈரெழுத்துக் குறிப்பேடு

நூலகத்தில் அந்த அக்கா கற்றுக்கொடுத்தது எளிய வழி. குறிப்பேட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் ஆங்கிலச் சொல்லையும் வலப்புறம் பள்ளியில் கற்ற தமிழ்ச்சொல்லையும் எழுதவேண்டும். மறுநாள் பாடத்துக்குரிய சொற்களை முந்தைய இரவே தேடி எழுதிவிடவேண்டும்.

இரு மொழிகளுக்கிடையே பாலம் அமைக்கும் இவ்வழிக்கு அப்பல்கலைக்கழகத்திலேயே முன்னோடி ஒருவர் உண்டு. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1931-இல் அங்குத் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரியும் ஆவார். அறிவியலுக்குத் தமிழில் கலைச்சொற்கள் ஆக்கும் பணிக்குத் தலைமையேற்றார். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ படைத்தார். ஒன்றை அறிவதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

குறிப்பேட்டில் இருநூறு சொற்கள் சேர்ந்தபோது, வகுப்பில் பேராசிரியரின் சொற்களைத் தொடர்ந்து செல்ல அவளால் இயன்றது. ஒருநாள் வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி அவரிடம் ஓர் ஐயத்தைத் தமிழிலேயே கேட்டாள். அவர் தமிழிலேயே விளக்கிவிட்டு, “இத்தனை நாள் ஏம்மா கேட்கல?” என்றார். அதற்கு அவளிடம் விடை இல்லை. கேட்டால் தன் அறியாமை வெளிப்படும் என்று அஞ்சியவள், கேளாமையால் அது வளர்ந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

இரண்டாம் தேர்வில் அவள் பெற்றது பதினான்கு. அது பெருமதிப்பெண் அன்று. எனினும், அன்றிரவு தந்தை அழைத்தபோது ஒன்பதையும் பதினான்கையும் சேர்த்தே கூறினாள். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பின், “ஒன்பது வாங்கினப்பவே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் தந்தை. அவர் குரலில் சினம் இல்லை. மகள் தனியே சுமந்ததை எண்ணிய வருத்தமே இருந்தது.

அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில், விடுமுறை முடிந்து அவள் சிதம்பரம் நிலையத்தில் இறங்கினாள். பெரிய பையுடன் சிறுமி ஒருத்தி வழி தெரியாமல் நின்றிருந்தாள். அருகே அவள் தாய், சேர்க்கைக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்பட்டாம்பாக்கத்து மாணவி அவர்களை நோக்கி நடந்தாள்.

“எந்த ஊரும்மா?” என்று கேட்டுக்கொண்டே பையின் ஒரு பிடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இயற்பியல் அல்லது கணக்குப் பாடத்திலிருந்து இருபது கலைச்சொற்களைத் தேர்ந்து, அவற்றின் ஆங்கில வடிவங்களுடன் ஈரெழுத்துக் குறிப்பேடு ஒன்றை உருவாக்குக.

2. பள்ளிக்குப் புதிதாக வரும் மாணவரை நீங்கள் எவ்வாறு வரவேற்பீர்கள்? வகுப்பில் கலந்துரையாடுக.